பேரு எம் பேரு, வண்டி அவரு வண்டி

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். பொங்கலுக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் ஆண்கள் சம்பாதித்தார்கள், பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நூறு நாள் வேலை, குழுக் கடன், உரிமைத்தொகை எல்லாமே பெண்கள் கையில். ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பப் பாரத்தைப் பெண்கள் தலையில் மாற்றி ஏற்றிவிட்டோமோ? இதை முன்னேற்றம் என்று சொல்ல முடியுமா?

உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் டீக்கடை. நீங்கள் போனது பொங்கலுக்கு. திருப்பூரிலும் கேரளத்திலும் வேலை பார்ப்பவர்கள் ஊரில் இருக்கிற நாலு நாள் அதுதான். கடை நிரம்பித்தான் இருக்கும்.

அப்புறம் அந்த ‘முன்பெல்லாம்’. டெல்டாவில் நாற்று பறிப்பது ஆண் வேலை, நடவும் களையும் பெண் வேலை, அறுப்புக்கு இரண்டு பேரும் இறங்குவார்கள். நிலமில்லாத வீட்டில் பெண் வயலுக்குப் போகாமல் உலை கொதித்த காலம் எது? பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது நிலம் வைத்திருந்த தெருக்களின் ஞாபகம். என் வீடும் அப்படி ஒரு தெருவில்தான் இருந்தது. எனக்கே இது உறைக்க வெகுநாள் ஆயிற்று.

மாறியது வேறு. அறுப்புக் கூலி நெல்லாக வந்துகொண்டிருந்தது. அறுப்பு மிஷின் வந்ததும் அந்த நெல் நின்றுபோனது. நடவு மிஷினும் சில இடங்களில் வந்துவிட்டது. ஆண்கள் கட்டட வேலைக்கு வெளியூர் போனார்கள். பிள்ளைகளையும் மாட்டையும் விட்டுவிட்டுப் பெண்ணால் போக முடியவில்லை. அந்த நேரத்தில்தான் 2005-ஆம் வருடச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை வந்தது. மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பெண்களே வந்தார்கள். உள்ளூரிலேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வேறென்ன வேண்டும்?

கூலி வங்கிக் கணக்கில் விழ ஆரம்பித்ததும் பாஸ்புக் வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் நடவுக்குப் போகிற அம்மா ஒருவர் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத்தொகை ஆயிரமும் அதில்தான் விழுகிறது.

ஆனால் பெயர் எழுதப்பட்ட இடத்துக்குக் கடனும் வந்து சேரும். நீங்கள் ‘குழு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு வேறு. அதில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். இப்போது வீடு தேடி வருகிற வாரத் தவணைக் கடன் வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு திண்ணையில் பத்துப் பேர் கூடுவார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேர் போட்டுக் கட்ட வேண்டும். கட்டும்வரை வசூலுக்கு வந்தவர் எழுந்திருக்க மாட்டார். அடாவடி வசூலைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பாஸ்புக்கைப் புதைத்து வைத்திருக்கிற அந்த அம்மாவிடம் எதற்குக் கடன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் பைக்குக்கு. “பேரு எம் பேரு சார், வண்டி அவரு வண்டி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனவே, பாரம் புதிதாக இடம் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. அது அங்கேதான் இருந்தது, இப்போது கணக்கில் ஏறியிருக்கிறது. கூலியும் தவணையும் அவள் பெயரில், வண்டியின் ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் அவன் பெயரில். முன்னேற்றமா என்று கேட்டால், கூலியைப் பொறுத்தவரை ஆமாம் என்பேன். கடன் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்த முறை பண்டிகை இல்லாத ஒரு வாரம் ஊருக்குப் போங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டீக்கடைக்குப் போகாமல் அந்தத் திண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள்.