குப்பியோ: யாரும் யாரையும் முந்தாத ஓட்டம் (கேள்வி பதில்)

இத்தாலியின் நட்டநடுவில், கடலே தொடாத உம்பிரியா மாநிலத்தில், இஞ்ஜினோ மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிற கல் ஊர் குப்பியோ. பக்கத்துப் பெருஜாவில் இத்தாலிய மொழி படித்த காலத்தில் முதன்முறையாகப் போனேன். அதற்குப் பிறகு மே மாதம் வந்தாலே மனசு அங்கே போய்விடும். அந்த ஊரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

கேள்வி: அக்கா, மே 15 அன்று மூன்று மரத்தூண்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிற வீடியோ பார்த்தேன். கடைசிவரை பார்த்தும் யார் ஜெயித்தார்கள் என்றே தெரியவில்லை.

தெரியாதுதான் தம்பி. ஒவ்வொரு தூணும் ஒரு புனிதருடையது. எப்போதும் முதலில் போவது புனித உபால்தோ, அடுத்தது புனித ஜார்ஜ், கடைசியில் வனத்து அந்தோனியார். இந்த வரிசை மாறாது. முந்துவது என்ற பேச்சே கிடையாது.

அப்படியானால் எதற்கு ஓடுகிறார்கள் என்று நானும் முதல் வருஷம் கேட்டேன். தூண் சாயக்கூடாது, விழக்கூடாது, முன்னால் போகிறவரிடமிருந்து பின்தங்கக்கூடாது. ஊர்க்காரர்கள் கணக்கு வைப்பது இதைத்தான். ஒரு திருப்பத்தில் தூண் சாய்ந்துவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த மே வரைக்கும் ஓயாது.

இந்தத் தூண்களை அவர்கள் 'சேரி' என்பார்கள், இத்தாலிய மொழியில் மெழுகுவர்த்திகள் என்று பொருள். ஒரு காலத்தில் தொழிற்குழுக்கள் புனிதருக்கு மெழுகு காணிக்கை கொண்டுபோனதாகவும், அதுவே பின்னாளில் மரக்கூடாக மாறியதாகவும் சொல்வார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த எண்கோண மரக்கூடுகள், உச்சியில் சின்னதாக ஒரு சுரூபம், அடியில் தோளில் தாங்கத் தண்டுகள். உயரம் ஏறத்தாழ 5 மீட்டர், எடை கிட்டத்தட்ட 300 கிலோ. உபால்தோவுக்குக் கொத்தனார்கள், மஞ்சள் சட்டை. ஜார்ஜுக்கு வணிகர்கள், நீலச் சட்டை. அந்தோனியாருக்கு உழவர்கள், கறுப்புச் சட்டை. எல்லாருக்கும் வெள்ளைக் காற்சட்டை, இடுப்பில் சிவப்புக் கச்சை.

ஓட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஊர்த் தெருக்களைச் சுற்றி, பிறகு மலைமேல் இருக்கும் உபால்தோ பேராலயம் வரை. நெட்டுக்குத்தான ஏற்றம். ஒரே ஆள்கள் கடைசிவரை தாங்க முடியாது, அதனால் வழியெல்லாம் மாற்றுத் தோள் காத்து நிற்கும். தூண் நிற்காது. ஓடுகிறவன் தோளை உருவிக்கொள்ளும் அதே நொடியில் அடுத்தவன் தோளைக் கொடுப்பான். அந்த ஒரு நொடியை நான் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கேட்டது மூச்சுச் சத்தம், அப்புறம்தான் காலடிச் சத்தம்.

மேலே போனதும் ஒரு விளையாட்டு உண்டு. உபால்தோ ஆட்கள் உள்ளே நுழைந்ததும், ஜார்ஜ் வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். போட்டி என்று இருந்தால் அது அந்தக் கதவடியில்தான்.

கேள்வி: அன்று மதியம் பானை உடைக்கிறார்களாமே?

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய சதுக்கத்தில் தூண்களை நிமிர்த்துவார்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு தலைவர். தண்டுகளின்மேல் ஏறி நின்று, பூவேலை செய்த மண்குடத்தால் தூணின் அடியில் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றியதும் குடத்தைக் கூட்டத்துக்குள் வீசுவார். உடைந்த ஓடு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று அத்தனை பேரும் பாய்வார்கள். என்னிடம் ஒரு சில்லு இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவுதான், ஒரு பக்கம் நீலக்கோடு. ஒரு பாட்டி தனக்குக் கிடைத்த துண்டைச் சுவரில் தட்டி உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார்.

தூண்களைச் சுமப்பவர்கள் ஆண்கள்தான். ஆனால் விழா எல்லாருக்கும்தான், அன்று வீட்டுக்கதவு எதுவும் சாத்தியிருக்காது. உபால்தோ திருநாளுக்கு முந்தைய நாள் என்பதால் இறைச்சி தவிர்த்து மீன் சமையல். உப்புக்கண்டம் போட்ட காட் மீன்தான் அன்றைய முக்கியமான சாப்பாடு.

கேள்வி: உபால்தோ யார்? கேள்விப்பட்டதே இல்லையே.

குப்பியோவிலேயே பிறந்து அந்த ஊருக்கே ஆயர் (பிஷப்) ஆனவர். 1155-ல் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா பக்கத்து ஸ்பொலேத்தோவைச் சூறையாடிவிட்டு இந்தப் பக்கம் வந்தபோது, வயதான உபால்தோ நேரே போய்ப் பேசி ஊரைக் காப்பாற்றினார். 1160 மே 16-ல் காலமானார், 1192-ல் புனிதர் பட்டம். அவர் உடல் இன்றும் அந்த மலைமேல் இருக்கிறது. ஓட்டம் அவர் நினைவுநாளுக்கு முந்தின நாள் நடக்கிறது.

கேள்வி: பிரான்சிஸ் அசிசியார் ஓநாயை அடக்கியது இந்த ஊரில்தானே?

ஆமாம், 14-ஆம் நூற்றாண்டு ஏட்டில் வருகிற கதை. ஊரையே நடுங்க வைத்த ஓநாயோடு ஓர் உடன்படிக்கை: நீ யாரையும் கடிக்காதே, ஊர் உனக்குச் சோறு போடும். இரண்டு வருஷம் வீடுவீடாகத் தின்று, வயதாகிச் செத்ததாம். ஊரார் அழுதார்களாம். எனக்குப் பிடித்தது அந்த அழுகைதான்.

கேள்வி: வெண்கலப் பலகைகள் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. நான் மொழியியல் மாணவி.

உனக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன் அம்மா. ஏழு வெண்கலப் பலகைகள். 15-ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. 1456-ல் ஊராட்சியே விலைகொடுத்து வாங்கியது. இப்போது ஊரின் கொன்சொலி மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மொழி இந்தப் பகுதியின் பழைய மொழியான உம்பிரியன், லத்தீனுக்கு உறவு. அந்த மொழியில் நமக்குக் கிடைத்த மிக நீண்ட எழுத்து இதுதான். ஒரு பகுதி எத்ருஸ்கர் என்ற பண்டைய இத்தாலிய மக்களின் எழுத்திலிருந்து வந்த பழைய வரிவடிவம், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பிந்தைய பகுதி லத்தீன் எழுத்து.

உள்ளே இருப்பது அத்தீதியர் என்ற பூசாரிக் குழுவின் சடங்கு விதிகள். முதலில் புள் நிமித்தம், அதாவது பறவைச் சகுனம், பார்க்க வேண்டும். பிறகு ஊரின் மூன்று வாயில்களிலும் பலி. த்ரெபுலா வாயிலுக்கு முன்னால் யூப்பிட்டருக்கு மூன்று எருதுகள், வாயிலுக்குப் பின்னால் மூன்று சினைப் பன்றிகள். நடுவில் எங்காவது பிசகினால் மறுபடி புள் பார்த்து, த்ரெபுலா வாயிலிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மே 15-ன் வரிசைதான் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது அறிஞர்கள் இன்னும் வாதாடுகிற விஷயம்.

கேள்வி: டைனோசர் அழிவுக்கும் குப்பியோவுக்கும் என்ன சம்பந்தம்?

ஊரைவிட்டு வெளியே வந்தால் பொத்தச்சோனே பள்ளத்தாக்கு. சாலையோரத்தில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை, நடுவே விரல் பருமனில் ஒரு களிமண் கோடு. கோட்டுக்குக் கீழே கடல் நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் நிறைய, பல வகை. மேலே அனேகமாக எதுவும் இல்லை. அமெரிக்கப் புவியியலாளர் வால்டர் அல்வாரெஸ் அந்தக் களிமண்ணை எடுத்துச் சென்றார். சோதித்தபோது இரிடியம் வழக்கத்தைவிட 30 மடங்கு. பூமியின் மேற்பரப்பில் அரிதான, விண்கற்களில் தாராளமாக இருக்கும் உலோகம் அது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்கல் மோதியது, டைனோசர்கள் அழிந்தது அதனால்தான் என்று அவரும் தந்தை லூயிஸும் உடன் வேலை செய்தவர்களும் 1980-ல் எழுதினார்கள். வருகிறவர்கள் சுரண்டிச் சுரண்டி அந்தக் கோட்டில் இப்போது குழி விழுந்திருக்கிறது. தயவுசெய்து நீங்கள் சுரண்டாதீர்கள்.

கேள்வி: பைத்தியச் சான்றிதழ் தருவார்களாமே!

பார்ஜெல்லோ நீரூற்றை மூன்று முறை சுற்றி ஓடி, ஊர்க்காரர் ஒருவர் முன்னிலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் கிடைக்கும். குழந்தைகளோடு போனால் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: எப்படிப் போவது?

ஊருக்குள் ரயில் கிடையாது. ரோம்–அன்கோனா தடத்தில் ஃபொஸ்ஸாத்தோ தி வீக்கோ நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மே 15-க்குப் போவதானால் முந்தின நாளே போய்விடுங்கள், அறை மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கொன்சொலி மாளிகைக் கோபுரத்தில் 1769-ல் வார்த்த பெரிய மணி இருக்கிறது. அதைக் கயிறு கட்டி இழுப்பதில்லை, ஆட்கள் காலால் உதைத்து அடிப்பார்கள், அதையும் நிமிர்ந்து பாருங்கள். சாயங்காலம் சந்துகளில் நின்றால் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கட்டும். தூண் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.