'இஃப்' இருக்கும் பக்கம் 'வில்' வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 'இஃப் யூ வில் அப்ரூவ் த லேப் டிப் மீன்ஸ், வீ வில் ஸ்டார்ட் டையிங்' என்று பையருக்கு மெயில் போட்டேன் (லேப் டிப் என்பது சாய நிறம் சரியா என்று பார்க்க அனுப்பும் சின்னத் துணி மாதிரி). தப்பு என்கிறார் மேனேஜர். எப்படி எழுதுவது?

பதில்: முதலில் 'மீன்ஸ்' என்பதை அடித்துவிடுங்கள். 'அப்ரூவ் பண்ணீங்கன்னா' என்று பேசுகிற பழக்கத்தில் வந்த சொல் அது. அந்த வேலையை 'இஃப்' ஏற்கெனவே செய்துவிட்டது.

அடுத்தது 'வில்'. 'இஃப் யூ அப்ரூவ் த லேப் டிப் பை மண்டே, வீ வில் ஸ்டார்ட் டையிங் ஆன் டியூஸ்டே' என்பதே சரி. நடக்கப்போவது நாளைக்குத்தான் என்றாலும் 'இஃப்' பக்கம் நிகழ்காலம்தான் வரும். 'வென்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. 'இஃப் யூ வில் பே த ஏர் ஃபிரெய்ட்' என்றும் எழுதுவதுண்டு. ஆனால் அதற்கு 'விமானச் சரக்குக் கட்டணத்தைக் கட்டச் சம்மதம் என்றால்' என்று பொருள். சம்மதம் கேட்காத இடத்தில் போட்டால் பையர் குழம்புவார்.

'இஃப்' போடுவதா, 'வென்' போடுவதா என்பதில் இன்னும் கவனம் வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து துணி வருவது உறுதி என்றால் 'வென் த ஃபேப்ரிக் அரைவ்ஸ்' என்று எழுதுங்கள். அங்கே 'இஃப்' போட்டால், துணி வருமா என்பதே உங்களுக்குச் சந்தேகம் என்று பையர் எடுத்துக்கொள்வார்.

விலை பேசும்போது, 'இஃப் யூ இன்கிரீஸ் த ஆர்டர் டு 10,000 பீசஸ், வீ வில் ரெடியூஸ் த பிரைஸ்' என்று எழுதினால் வாக்குக் கொடுத்தாயிற்று. முதலாளி இன்னும் தலையாட்டவில்லை என்றால், 'இஃப் யூ இன்கிரீஸ்ட் த ஆர்டர், வீ குட் ரெடியூஸ் த பிரைஸ்' என்று எழுதுங்கள். 'இன்கிரீஸ்ட்' பார்க்க இறந்தகாலம். ஆனால் பேசுவது இனிமேல் நடக்கக்கூடியதைப் பற்றி. பேரத்துக்கு இடம் வைக்கிற வாக்கியம் இது.

ஷிப்மென்ட் தள்ளிப்போனதற்குக் காரணம் எழுதும்போது 'இஃப் யூ வுட் ஹேவ் அப்ரூவ்ட்' என்று பலர் எழுதுகிறார்கள். அது வேண்டாம். 'கொடுத்திருந்தால் அனுப்பியிருப்போம்' என்பதை அப்படியே மனதில் வையுங்கள்: '-இருந்தால்' வரும் பக்கம் 'ஹேட்', '-இருப்போம்' வரும் பக்கம் 'வுட் ஹேவ்'. 'இஃப் யூ ஹேட் அப்ரூவ்ட் இட் ஆன் ஜூன் 5, வீ வுட் ஹேவ் ஷிப்ட் ஆன் ஜூன் 25.' இலக்கணம் சரி, ஆனால் பழி பையர் மேல் விழுகிறது. 'இஃப் வீ ஹேட் ரிசீவ்ட் த அப்ரூவல் ஆன் ஜூன் 5' என்று தொடங்கினால் அதே செய்தி தன்மையாகப் போய்ச்சேரும்.

'அன்லெஸ்' என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது; கூடவே 'டோன்ட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

'இஃப்' பகுதி முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா போடுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. கெடு தேதி எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள். 'இஃப் யூ அப்ரூவ், வீ வில் ஷிப் பை மண்டே' என்றால் திங்கள் உங்கள் கெடு. 'இஃப் யூ அப்ரூவ் பை மண்டே, வீ வில் ஷிப்' என்றால் அது பையரின் கெடு.