மேல்கை சொரசொரப்புக்கு லாக்டிக் ஆசிட் லோஷன் பூசலாமா?

விடுதியில் தங்கிப் படிப்பதாகவும், மேல்கையிலும் தொடையிலும் சின்னச் சின்னப் பொரிகள் இருப்பதாகவும், நார் போட்டுத் தேய்த்தும் காபித்தூள் ஸ்க்ரப் போட்டும் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறைத்தோழி லாக்டிக் ஆசிட் லோஷன் பூசச் சொல்கிறாராம், உடம்பில் ஆசிட் பூசலாமா என்று கேட்கிறீர்கள்.

பூசலாம். ஆனால் லோஷன் வாங்குவதற்கு முன்னால் அந்த நாரையும் காபித்தூளையும் நிறுத்துங்கள். வலி இல்லை, சீழ் இல்லை, தொட்டால் உப்புத்தாள் போல இருக்கிறது, மேல்கையின் வெளிப்பக்கமும் தொடையும்தான் இடம் என்றால் அது பெரும்பாலும் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்ற தோல் தன்மை. நேரில் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் டாக்டரும் இல்லை. இதே கையோடு நாற்பது வயதைத் தாண்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்களுக்கும் வீட்டில் யாராவது "ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சா இதெல்லாம் வராது" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது அந்தப் பேச்சு. தேனிப் பக்கம் எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு அம்மாச்சி பீர்க்கங்கூட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கை சிவந்து எரியும்வரை விடமாட்டார். பேத்தி மேல் இருந்த பாசம்தான், அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் தலைமுறைக்கு அழுக்கு ஒன்றுதான் காரணமாகத் தெரிந்தது. ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பொரி போகவில்லை, பொரி இருந்த இடமெல்லாம் கருப்புப் புள்ளியாக மாறியது. கல்லூரி முழுக்க முழங்கைவரை மூடிய சுடிதார்தான் போட்டேன், மே மாத வெயிலிலும்.

இன்றுவரை ஆறாதது என் வளைகாப்பில் நடந்ததுதான். சந்தனம் பூச வந்த ஒரு சொந்தக்கார அத்தை, என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி இது, கை இப்படி முள்ளு முள்ளா இருக்கு, சோப்பு போட்டுக் குளிக்கிறியா இல்லையா" என்றார். நிறைமாத வயிற்றோடு, கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? பிறகு வந்தவர்கள் எல்லோரும் சந்தனம் பூசும்போது என் கையைத்தான் பார்த்தார்கள். சபையில் ஒருத்தி உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பதைப் பெரியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மகள் பிறந்த பிறகு அவளுக்குத் தோல் வறட்சி அதிகமாக இருக்கிறதே என்று மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "உங்க கையைக் காட்டுங்கம்மா" என்றார். பார்த்ததும் பெயரைச் சொன்னார். பரம்பரையாக வருவது, பதின்வயதில் பாதிப் பேருக்கு மேல் இருப்பது, யாருக்கும் ஒட்டாது, அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தோலின் மேல் அடுக்கில் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. இந்த வகைத் தோலில் அது மயிர்க்காலின் வாயிலேயே சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்புதான் கையில் தட்டுப்படும் பொரி. தேய்த்தால் அதன் தலை மட்டும் போகும், அடைப்பு உள்ளேயே இருக்கும், சுற்றியிருக்கும் தோல் புண்படும். நம் ஊர் மாநிறத் தோல் புண்பட்டால் கருப்பு தங்கிவிடும். வருஷக்கணக்கில் நைலான் நார் போட்டு முதுகையும் கையையும் தேய்ப்பவர்களுக்கு அலை அலையாகக் கருமை படிவதுண்டு. தோல் டாக்டர்கள் அதற்கு ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். லாக்டிக், கிளைகாலிக் மாதிரி அமிலங்கள் இறந்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகின்றன, அதனால் தேய்க்காமலே உதிர்கின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் வழியும் மயிர்க்காலுக்குள்ளும் போகும். முதுகில் பரு இருப்பவர்களுக்கு அது பொருத்தம்.

இதெல்லாம் இன்ஸ்டாகிராம் காலத்து மோகம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: வான் ஸ்காட், யூ என்ற இருவர் இக்தியோசிஸ் என்ற கடுமையான தோல் வறட்சி நோய்க்கு லாக்டிக், கிளைகாலிக் மாதிரி அமிலங்கள் உதவுகின்றன என்று அமெரிக்காவில் எழுதியது 1974-ல். அதற்கும் முன்பே நம் வீடுகளில் தயிர் பூசினார்களே என்றால், உண்மைதான், தயிரில் இருப்பதும் லாக்டிக் அமிலம்தான், ஆனால் அளவு மிகக் குறைவு. நலங்கு மாவு வாசனைக்கு நன்றாக இருக்கும், நானும் மகளுக்குப் போடுகிறேன், அழுத்தித் தேய்க்காமல் கழுவிவிடுவேன். எலுமிச்சம்பழத்தை மட்டும் தோலில் பூசாதீர்கள். அந்தச் சாறோடு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளம் வரலாம்.

எனக்கு எழுதிக் கொடுத்தது 12 சதவீத அம்மோனியம் லாக்டேட் லோஷன், லாக்டிக் அமிலத்தின் உப்புதான் அது. வறட்சி கூடும் மாதங்களில் 10 சதவீத யூரியா க்ரீம். நீங்கள் முதல் முறை வாங்குவதால் லாக்டிக் அமிலம் 5 சதவீதத்தில் இருந்து 10 சதவீதத்துக்குள் போதும். அளவைப் போடாமல் "ஃப்ரூட் ஆசிட்" என்று மட்டும் அச்சடித்த பாட்டிலை வாங்காதீர்கள், காசு கொடுப்பவருக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் பூசி இரண்டு நாள் பாருங்கள். பிறகு வாரத்தில் இரண்டு ராத்திரி, குளித்துத் துடைத்த கையில். லேசாகக் குறுகுறுத்து அடங்கினால் பரவாயில்லை. எரிந்தால் கழுவிவிடுங்கள். மற்ற நாளில் வாசனை சேர்க்காத சாதா மாய்ஸ்சரைசர். ஷேவிங், வேக்ஸிங் செய்த அன்றும், வெட்டுக்காயம் இருந்தாலும் வேண்டாம். இந்த அமிலங்களைப் பூசும் நாட்களிலும், நிறுத்திய பிறகு ஒரு வாரமும் தோல் வெயிலைத் தாங்காது என்பதால் வெளியே தெரியும் கைக்கு சன்ஸ்கிரீன் கட்டாயம், இல்லையென்றால் முழுக்கை. சாலிசிலிக்கை உடம்பு முழுக்கப் பூசாதீர்கள். அது ஆஸ்பிரின் குடும்பம், பெரிய பரப்பில் பூசினால் ரத்தத்தில் சேரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். எனக்குச் சொரசொரப்பு நன்றாகவே குறைந்தது, கருப்புப் புள்ளிகள் மெதுவாக மங்கின. நிறுத்தினால் பொரி திரும்ப வருகிறது, அதனால் பல் தேய்ப்பது போல் பழக்கமாகிவிட்டது. முழுதாகப் போய்விடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். என் மகளுக்கு இப்போது பதின்வயது, அதே கை. அவள் கையில் இதுவரை யாரும் நார் வைத்ததில்லை, ஸ்லீவ்லெஸ் போட்டுக்கொண்டு கூடைப்பந்து ஆடுகிறாள். அதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சம் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கருப்பு போக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் இப்போதும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்து நீட்டுகிறார்கள். 2018-லேயே 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. என் சித்தி மகள் அப்படி ஒரு டியூபைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசினாள். முதல் வாரம் பளபளப்பு, அப்புறம் முகம் சிவந்து, ரத்தக் குழாய் வெளியே தெரிந்து, கன்னத்தில் முடி வளர்ந்து, வெயிலில் நிற்க முடியாமல் போனாள். விற்றவரிடம் கேட்டதற்கு "எல்லாரும் வாங்குறாங்கம்மா" என்றார். உங்கள் விடுதியில் யாராவது அப்படி ஒரு களிம்பைப் பூசிக்கொண்டிருந்தால், டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நாள்பட்டுப் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகட்டும்.