வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு எதற்கு 12 லட்சம் கடன்?

அண்ணாச்சி, போன வாரம் நீங்களும் மதினியும் வந்து உட்கார்ந்தபோது, "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே வந்தேன். இனி சமாதானம் சொல்ல எனக்கு மனசில்லை. உங்கள் மகள் பாப்பாவின் இன்ஜினியரிங் இடத்துக்காகப் பொங்கலுக்குள் நீங்கள் கட்டப்போகும் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பி சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 4.7 லட்சம். நாலு வருஷத்துக்கு 18.8 லட்சம். அதில் 12 லட்சத்தை வீட்டுப் பத்திரத்தை வைத்துப் புரட்டலாம் என்கிறார். பத்து சதவீத வட்டி என்றாலும் வட்டி மட்டுமே மாதம் 10,000 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி நீங்கள் வாங்குவது 22,000. அசலை எதிலிருந்து அடைப்பீர்கள்? தம்பி பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் அடமானம் போவது அவர் வீடு இல்லை. பாப்பாவும் அந்தப் படிப்பை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. என் முன்னால் நாற்பது நிமிஷம் இருந்தாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "சித்தப்பா சொல்றாங்க."

அவளுக்கு என்ன வரும் என்பதை உங்கள் திண்ணையில் பார்த்தேன். தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் வீட்டுப்பாட நோட்டோடு வரிசையாக இருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 1/3 + 1/4 = 2/7 என்று போட்டிருந்தான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டான். நானாக இருந்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுத்திருப்பேன். பாப்பா உள்ளே போய் ஒரு கடலைமிட்டாய்ப் பாளத்தை எடுத்துவந்து, மூன்றுக்கு நாலாகப் பன்னிரண்டு துண்டு போட்டாள்.

"மூணுல ஒரு பங்கு எடு." நாலு துண்டை எடுத்தான். "இப்ப முழுசுல கால் பங்கு." மூன்றை எடுத்தான். "மொத்தம் எத்தனை?" ஏழு. "பன்னெண்டுல ஏழு. சரி, உன் நோட்டுல இருக்கிறதைப் பாரு. 2/6-ன்னா அது 1/3 தான். 2/7 அதைவிடச் சின்னது. மூணுல ஒரு பங்கு தின்னுட்டு, மேற்கொண்டும் தின்னா, தின்னது கூடணுமா குறையணுமா?" பையன் நோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு அவனே ரப்பர் எடுத்து அழித்தான். அந்த இடைவெளியில் அவள் வாயே திறக்கவில்லை. பயிற்சி முடித்து வருகிற பல ஆசிரியர்களுக்கு அந்தப் பொறுமை வருவதற்குப் பத்து வருஷம் ஆகிறது.

பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை சமூக அறிவியலில் "கரிசல் மண் – பருத்தி" என்று ஐந்து முறை எழுதிக்கொண்டிருந்தாள். "எங்கிருந்து வந்தே நீ? காலைத் தூக்கு, செருப்புல ஒட்டியிருக்கிறது என்ன?" என்று கேட்டாள் பாப்பா. ஈரம் பட்டால் பிசுபிசுத்து ஒட்டுவதும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பருத்திக்குத் தோதாவதும் அந்தக் குழந்தையின் வாயிலிருந்தே வந்தன. இந்த ஊரில் பிறந்த பிள்ளை, காலடி மண்ணைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஆசிரியர் வேலை என்றதுமே மூன்று வருஷம் டிகிரி, பிறகு இரண்டு வருஷம் பி.எட். என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த வழி உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, நம் பக்கத்தில் பலர் கேள்விப்படாத நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி. பி.எட். பாடமும் கற்பித்தலும் முதல் வருஷத்திலிருந்தே கூடவே வரும். ஒரு வருஷம் மிச்சம். முடிக்கும்போது கையில் டிகிரியும் பி.எட்.டும் இருக்கும்.

இதற்கான நுழைவுத் தேர்வின் பெயர் என்.சி.இ.டி., அதாவது தேசியப் பொது நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஜே.இ.இ., நீட் எழுதுகிறவர்கள் இதைத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். இதுவரை நடந்த முறையில் மூன்று மணி நேரம், 160 கேள்விகள்: இரண்டு மொழிக்கு நாற்பது, மூன்று பாடங்களுக்கு எழுபத்தைந்து, பொது அறிவுத் திறனுக்கு இருபத்தைந்து, கற்பிக்கும் மனப்பாங்குக்கு இருபது. தமிழிலும் எழுதலாம். கடைசி இருபது கேள்வி ஒரு குழந்தை தப்புச் செய்யும்போது நீ என்ன செய்வாய் என்கிற ரகம். அதற்குப் பாப்பா தினமும் சாயங்காலம் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இடங்கள் குறைவு, ஆகவே பிளஸ் டூ பாடத்தில் அசட்டை கூடாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யிலும் இருக்கிறது. என் மனசில் முதலில் நிற்பது மைசூர். 1963-இல் தொடங்கிய மண்டலக் கல்வி நிறுவனம் அங்கே மானசகங்கோத்ரியில் இருக்கிறது. நம் பாடப்புத்தக விவாதங்களில் அடிபடுகிற, பாடப்புத்தகம் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் சொந்த நிறுவனம் அது. வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் உண்டு. வகுப்பறையில் படித்ததை நிஜப் பிள்ளைகள் முன்னால் சொல்லிப் பார்க்கலாம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் உங்கள் தம்பி சொன்ன தொகைக்குப் பக்கத்திலேயே வராது. பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

குறைகளையும் மறைக்கப் போவதில்லை. பட்டம் வாங்கியதும் வேலை வந்து நிற்காது. ஆறு முதல் எட்டு வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், 150 மதிப்பெண், எழுதியே ஆக வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, ஆங்கிலவழியில் இந்தப் பட்டம் வாங்கினால் கிடைக்காது. வெளிமாநிலப் பட்டம் என்றால், அது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். அதை நான் பார்த்துச் சொல்கிறேன். கிடைத்துவிட்டால் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400, கேந்திரிய வித்யாலயாவில் 44,900. அதுவரை தனியார் பள்ளிச் சம்பளம் கம்மியாகத்தான் இருக்கும். கடன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒன்றிரண்டு வருஷத்தைத் தாண்டுவது கஷ்டமில்லை. மாதம் பத்தாயிரம் வட்டி கட்டுகிற வீட்டுப் பிள்ளையால் முடியாது.

"டீச்சர் வேலைக்கா இவ்வளவு படிக்க வச்சே?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். கேட்கிறவர்களில் ஒருவர்கூட உங்கள் தவணையைக் கட்ட வரமாட்டார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, பாப்பாவுக்கும் இல்லை. அவள் வேறு எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டால் அதற்காகவும் நான் இதே மாதிரி உட்கார்ந்து கணக்குப் போடுவேன். கேட்காத படிப்புக்காக வீட்டை வைக்க மட்டும் சம்மதிக்கமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை பாப்பாவை அழைத்து வாருங்கள். தம்பியையும் போனில் கூப்பிடுவோம், நானே பேசுகிறேன். ஆதார், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, போட்டோ எல்லாம் எடுத்து வையுங்கள், விண்ணப்பம் திறக்கும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது. திண்ணையில் அவள் மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் எங்கே நின்றது என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். அதையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் முழுசாகப் படிக்க வேண்டும்.