ஆறு இடம்தான், நிரந்தரவாசி என்றால் கணக்கு வேறு

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். குடும்பம் முழுக்க நிரந்தரவாசிகள். மகனுக்கு பிஎஸ்எல்இ-யில் (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மொத்தம் 17 புள்ளி: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 4, தமிழ் 6. சென்ற ஆண்டு கட்-ஆஃப் (கடைசியாக இடம் பிடித்த பிள்ளையின் புள்ளி) 15 ஆக இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளி மேல் அவனுக்கு ஆசை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு 17. ஆசைப் பள்ளியை முதல் தெரிவாகப் போட்டால் பக்கத்துப் பள்ளி கைநழுவிப் போய்விடுமா? துணைப்பாட வகுப்பு மூலமாகத் தெரிந்த ஒருவர், 300 வெள்ளி கொடுத்தால் விண்ணப்பத்தில் போட வேண்டிய ஆறு பள்ளிகளையும் ‘கணக்குப் போட்டு’ நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 300 வெள்ளியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருக்கும் கட்-ஆஃப் பட்டியல், கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய அதே பட்டியல்தான். இந்த ஆண்டு எந்தப் பள்ளிக்கு எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள் என்பது பள்ளி முதல்வருக்கே தெரியாது. இவருக்கு எப்படித் தெரியும்? அதைவிட மோசம், ‘நானே நிரப்புகிறேன், சிங்பாஸைத் திறந்து கொடுங்கள்’ என்று உங்கள் அரசாங்க மின்னடையாளக் கணக்கையே கேட்பவர்களும் உண்டு. உங்கள் வரிக்கணக்கு முதல் மத்திய சேம நிதி வரை திறக்கும் சாவி அது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கணினி முதலில் பார்ப்பது புள்ளியை மட்டும். குறைந்த புள்ளிக்காரருக்கு முதலில் இடம். உங்கள் மகனின் முறை வரும்போது அவனுடைய முதல் தெரிவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கிப் போகும். ஆசைப் பள்ளியை முதலில் போட்டதற்காக அவனை வரிசையில் பின்னால் தள்ளுவதில்லை. பக்கத்துப் பள்ளியை அவன் ஆறாவதாகப் போட்டிருந்தாலும், அதை முதலாவதாகப் போட்ட 18 புள்ளிப் பிள்ளைக்கு முன்னால்தான் அவன் நிற்பான்.

சிக்கல் கடைசி இடங்களில் வருகிறது. நான்கு பாடத்துக்கும் தலா 1 முதல் 8 வரை, மொத்தப் புள்ளி 4 முதல் 32 வரை என்பதால் இருப்பதே 29 எண்கள். ஒரே எண்ணில் ஏகப்பட்ட பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அப்போது மூன்று படிகளில் பிரிக்கிறார்கள். முதலில் குடியுரிமை: சிங்கப்பூரர், அடுத்து நிரந்தரவாசி, அதற்கடுத்து வெளிநாட்டவர். இரண்டாவது, அந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டார்கள் என்பது. அதிலும் சமம் என்றால் கணினிக் குலுக்கல்.

இந்த வரிசையைத்தான் நம் ஆட்கள் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ‘முதல் தெரிவாகப் போட்டால் முன்னுரிமை’ என்று துணைப்பாட நிலையங்களில் சொல்வது குடிமக்களுக்குப் பெரும்பாலும் சரி. உங்களுக்குப் பாதிதான் சரி. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பக்கத்துப் பள்ளியில் 16 வரை எல்லோருக்கும் கொடுத்த பிறகு 5 இடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 17 புள்ளியோடு 9 பேர் நிற்கிறார்கள்: 6 பேர் குடிமக்கள், 3 பேர் நிரந்தரவாசிகள். அந்த 5 இடமும் குடிமக்களுக்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் மகன் முதல் தெரிவாகப் போட்டிருப்பான். ஐந்தாவதாகப் போட்ட ஒரு குடிமகன் பிள்ளை உள்ளே போகும், இவன் வெளியே நிற்பான். அதே இடத்தில் குடிமக்கள் 3 பேர் மட்டும் என்றால் 2 இடம் மிஞ்சும். அந்த 2 இடத்துக்கு நிரந்தரவாசிகள் மோதும்போதுதான் யார் முதலில் போட்டார் என்ற கேள்வியே வரும்.

ஆக, கட்-ஆஃப் 17 என்று பட்டியலில் இருப்பது, 17 எடுத்த எல்லோருக்கும் கிடைத்தது என்று அர்த்தம் இல்லை. 17 எடுத்த ஒரு பிள்ளையாவது உள்ளே போனது என்றுதான் அர்த்தம். அந்தப் பிள்ளை குடிமகனா, நிரந்தரவாசியா, அந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டிருந்தது, எதையும் பட்டியல் சொல்லாது. அமைச்சிடம் இல்லாத தகவலா இது? பள்ளிக்கு ஒரு வரி சேர்த்துப் போட்டால் எத்தனையோ நிரந்தரவாசிப் பெற்றோருக்குத் தூக்கம் வரும். போட மாட்டார்கள். எனவே நீங்களாகவே ஒரு புள்ளி கூட்டிப் பாருங்கள்: உங்கள் கையில் இருப்பது 17 என்றாலும், 18 இருந்தவர் போல யோசியுங்கள்.

அப்படி யோசித்தால் ஆறு இடமும் தானாக நிரம்பும். 15 பள்ளியைப் பொறுத்தவரை, கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் வழக்கமாக ஒரு புள்ளிதான் நகரும். அது 17 வரை இரண்டு புள்ளி தளர்ந்து, அதன் பிறகும் நிரந்தரவாசிக்கு மிச்சம் இருக்க வேண்டும். நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகன் மனசுக்காகப் போடுவதென்றால் ஒரே ஒரு இடம், அதுவும் பக்கத்துப் பள்ளிக்குப் பின்னால். பக்கத்துப் பள்ளி உண்மையிலேயே வேண்டும் என்றால் அதுதான் முதல் இடம், ஏனென்றால் நிரந்தரவாசிகளுக்குள் மோதல் வந்தால் அந்த ‘1’ உதவும். அடுத்து 18 கட்-ஆஃப் பள்ளி ஒன்று, 19 இரண்டு, 20 ஒன்று. 18 பள்ளி இந்த ஆண்டு 17-க்கு இறுகிவிட்டால் அங்கேயும் இதே கதைதான் என்பதால் 19, 20 அவசியம். இவை ஒப்புக்குப் போடுகிற பெயர்களாக இருக்கக் கூடாது; போய்ப் படிக்கச் சம்மதமான பள்ளிகளாகப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கப்போவது இவற்றில் ஒன்றுதான்.

ஒரே பள்ளியை ஆறு தடவை எழுதினால் ‘உறுதி தெரியும்’ என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். கணினிக்கு உறுதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆறும் தவறினால் இடம் காலியாக இருக்கிற, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கு அதுவே அனுப்பிவிடும்.

பட்டியலைப் படிக்கும்போது எந்தக் கட்டத்தைப் படிக்கிறீர்கள் என்று விரலை வைத்துப் பாருங்கள். மொத்தப் புள்ளியை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கைப் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள்; 4 முதல் 20 வரை எடுத்தவர்கள் போஸ்டிங் குரூப் 3. உங்களுக்கு அந்த வரிசை மட்டும்தான். குரூப் 2 வரிசையைப் பார்த்துவிட்டு ‘இந்தப் பள்ளி 24 வரை எடுக்கிறதே’ என்று மகிழ்ந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கெட்ட கட்டம், அந்த உயர்நிலைப் பள்ளியோடு இணைப்புள்ள தொடக்கப்பள்ளியின் மாணவர்களுக்கான எண். அது தளர்வாக இருக்கும். உங்கள் மகனின் தொடக்கப்பள்ளிக்கு அந்த இணைப்பு இருந்தால் நல்லது. அந்த உயர்நிலைப் பள்ளியை முதல் தெரிவாகப் போட்டால்தான் சலுகை. இல்லையென்றால் அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரே பள்ளியில் இரண்டு வகைப் படிப்பு இருந்தால் நான்கு இலக்கக் குறியீடும் இரண்டு இருக்கும்; தட்டியபின் பெயரோடு ஒத்துப் பாருங்கள்.

தமிழில் 6 வந்ததால்தான் இடம் போகிறது என்று பிள்ளையைக் கரிக்காதீர்கள். 6 என்ற நிலை 45 முதல் 64 மதிப்பெண் வரை நீள்கிறது. 2 என்பது 85 முதல் 89 வரை, வெறும் ஐந்தே மதிப்பெண். 64 எடுத்தவனும் 45 எடுத்தவனும் தாளில் ஒன்றுதான், இதில் யாரை நொந்து என்ன பயன்.

‘முதலில் எங்காவது சேருங்கள், பிறகு மேல்முறையீட்டில் மாற்றித் தருகிறேன்’ என்று அடுத்த வலை விழும். மேல்முறையீடு என்பது பள்ளிக்கு நீங்களே நேரடியாகக் கொடுப்பது. அந்தப் பள்ளியின் இந்த ஆண்டுக் கட்-ஆஃபை உங்கள் மகனின் புள்ளி எட்டியிருக்க வேண்டும், காலி இடமும் இருக்க வேண்டும். 15 பள்ளிக்கு 17-ஐ வைத்துக்கொண்டு நடையாய் நடப்பதில் அர்த்தமில்லை. இதற்குப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர், அவ்வளவுதான்.

முடிவு வந்த நாளிலிருந்து தெரிவுகளை அனுப்ப ஏறக்குறைய ஒரு வாரம்தான் தருகிறார்கள். ஆறு வருடப் படிப்பின் பலனை ஒரு வாரத்தில் முடிவு செய் என்பது என்ன நியாயமோ. அந்த ஒரு வாரத்தில் உங்கள் பட்டியலில் இருக்கும் ஆறு பள்ளிக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, தமிழ் வகுப்பு பள்ளியிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்காத பள்ளிகள் உண்டு. அங்கே சேர்ந்தால் பிள்ளை பள்ளி முடிந்த பிறகு பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளியில் நடக்கும் பொது வகுப்புக்கோ போய்வர வேண்டும். உட்லண்ட்ஸிலிருந்து பீட்டி ரோடு என்றால் பிற்பகல் முழுக்க அதிலேயே போய்விடும். 18-க்கும் 19-க்கும் நடுவில் தடுமாறினால் இதையும் சேர்த்து எடைபோடுங்கள்.