லீஸா, சப்ஸ்கிரிப்ஷனா? கிலோமீட்டரை எப்படி எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: தாம்பரத்தில் குடியிருக்கிறேன், சிறுசேரியில் ஐடி வேலை. சின்ன பெட்ரோல் கார் ஒன்றை மூன்று வருடத்துக்கு மாத வாடகைக்கு எடுக்கப் பார்க்கிறேன். லீஸ் என்றால் வரியோடு மாதம் ரூ.22,000, வருடத்துக்கு 20,000 கி.மீ.; இன்சூரன்ஸ், சர்வீஸ் என் பொறுப்பு, அதற்கு வருடம் ரூ.45,000 ஆகுமாம். சப்ஸ்கிரிப்ஷனில் எல்லாம் சேர்த்து ரூ.27,000, மாதம் 1,500 கி.மீ. அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு லீஸில் ரூ.5, சப்ஸ்கிரிப்ஷனில் ரூ.8. தினமும் 50 கி.மீ. ஓடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி போவேன். எது லாபம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு லீஸ்தான் சரி. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 50 என்றால் 1,100 கி.மீ. ஊருக்குப் போய்வர, அங்கே சொந்தக்காரர் வீடு, கோயில் என்று சுற்ற 1,300 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் 1,100, அடுத்த மாதம் 2,400. வருடத்துக்கு 21,000.

சப்ஸ்கிரிப்ஷனில் ஊருக்குப் போகாத மாதம் 400 கி.மீ. மிஞ்சும். மாதாமாதம் எண்ணுகிறார்கள் என்றால் மிஞ்சியது அந்த மாதத்தோடு போயிற்று, அடுத்த மாதக் கணக்கில் சேராது. போகிற மாதம் 900 கூடுதல். ஆறு மாதத்துக்கு 5,400 கி.மீ., எட்டு ரூபாய் வீதம் 43,200. இதே 1,500-ஐ வருடத்துக்கு 18,000 என்று மொத்தமாக எண்ணியிருந்தால் கூடுதல் 3,000 கி.மீ.தான், 24,000 ரூபாயோடு முடிந்திருக்கும். அதே கார், அதே ரோடு. எண்ணும் முறைக்காக மட்டும் வருடத்துக்கு 19,200 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

லீஸில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 3,000 கி.மீ. மீறுவீர்கள், கடைசியில் 15,000 ரூபாய். வாடகை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கூட்டினால் மூன்று வருடத்தில் லீஸுக்கு ரூ.9,42,000, சப்ஸ்கிரிப்ஷனுக்கு ரூ.11,01,600. கிலோமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் வித்தியாசம் வெறும் 45,000 என்றுதான் தெரியும். விற்பவர்கள் காட்டுவதும் அந்த 45,000-ஐத்தான்.

அந்த எட்டு ரூபாய் வரி சேர்த்ததா என்றும் கேளுங்கள். கார் வாடகைக்கு ஜிஎஸ்டி, அந்தக் காருக்கு என்ன விகிதமோ அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் உங்களுடையதைப் போன்ற சின்ன காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40. வரி தனி என்றால் உங்கள் எட்டு ரூபாய் 9.44 ஆகிவிடும்.

இனி ஏஜென்ட் விஷயம். இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "மைலேஜ் லிமிட் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். நம்மூரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் அர்த்தம். "இருபது, இருபத்திரண்டு வரும் சார்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே திசைமாறிவிடும். "மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், மிஞ்சினால் அடுத்த மாதம் சேருமா" என்றே கேளுங்கள். "அதெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க" என்பவரை நம்பவே நம்பாதீர்கள். பல வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது, ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகிறது. மீட்டர் வயரைக் கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிறவரோடு அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். மாட்டினால் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர் அல்ல.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த டெலிவரி சீட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. பெயர், வண்டி எண், பெட்ரோல் அளவு எல்லாம் நிரப்பியிருந்தது. "ஓடிய கி.மீ." என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. வெளியூர் யார்டிலிருந்து ஓட்டிவந்து கொடுத்த வண்டி அது. அந்த ஓட்டமும் அவர் கணக்கிலேயே ஏறியிருந்தது. சீட்டில் கி.மீ. எண் இல்லாததால் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடையும் விலையும் அச்சிட வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. பல லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு கிலோமீட்டருக்கு என்ன விலை என்பது முப்பதாம் பக்கத்து இணைப்பில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் கிடக்கிறது. தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். ஒரு வருடத்துக்குள் சென்னையை விட்டுப் போகவேண்டி வரலாம், பிராஜெக்ட் முடியப்போகிறது, வெளிநாட்டு வாய்ப்பு பேச்சில் இருக்கிறது என்றால் சப்ஸ்கிரிப்ஷனை எடுங்கள். லீஸை நடுவில் முறித்தால் மீதி மாத வாடகையில் பெரும்பங்கைக் கேட்கலாம். கூடுதல் கிலோமீட்டருக்குக் கொடுப்பதைவிட அது பெரிய தொகை. ஆனால் சப்ஸ்கிரிப்ஷனிலும் குறைந்தபட்சக் காலம் என்று ஒன்று உண்டு. "எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம்" என்பது விளம்பர வாசகம். ஆறாம் மாதம் திருப்பினால் எவ்வளவு, பத்தாம் மாதம் திருப்பினால் எவ்வளவு என்று ரூபாயில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், இந்த நிலையிலும் வேண்டாம்.

நம்பர் பலகையையும் கேட்டுவிடுங்கள். சில திட்டங்களில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வரும். அது வாடகை வண்டிக்கானது. வெள்ளைப் பலகை வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: கிலோமீட்டரை மாதாமாதம் எண்ணுவீர்களா, மொத்தமாகவா, கூடுதல் கி.மீ. விலை வரியோடு எவ்வளவு. பதில் மெயிலிலேயே வரட்டும், ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் வேண்டாம். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும், மீட்டரில் எண் தெளிவாகத் தெரிய ஒரு போட்டோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.