டேனிஷ் வீடு, விளக்கு, செங்கல்: கேள்வி பதில்

கேள்வி: டென்மார்க் வீடுகளைப் படத்தில் பார்த்தாலே மனதுக்கு இதமாக இருக்கிறது. வெள்ளைச் சுவர்தான் காரணமா, ஐயா?

பதில்: சுவர் இல்லை, விளக்கு. டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் விளக்கைப் பற்றி அவர்கள் விழுந்து விழுந்து யோசித்திருக்கிறார்கள். பல்பு கண்ணைக் கூசவைக்காமல் வெளிச்சம் மட்டும் மேசைக்கு வருவது எப்படி என்ற ஒரே கேள்வியை டேனிஷ் வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் 1920களிலிருந்து விடாமல் துரத்தினார். 1958இல் வந்த அவருடைய பிஎச் 5 விளக்கை அருகில் போய்ப் பாருங்கள். அடுக்கடுக்கான உலோகத் தட்டுகள். சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்குப் பல்பு படவே படாது. உள்ளே சிவப்பிலும் நீலத்திலும் சிறு பரப்புகள் ஒளிந்திருக்கும், வெளிச்சத்தின் நிறத்தைப் பதப்படுத்த. மேசைக்கு மேல் சுமார் 60 செ.மீ. உயரத்தில் அது தொங்கவேண்டும். கூரையை ஒட்டி மாட்டினால் அத்தனை உழைப்பும் வீண்.

கேள்வி: கோபன்ஹேகனில் ஒரே ஒரு புதுக் கட்டடம் பார்க்க நேரமிருந்தால்?

பதில்: 2006இல் முடிந்த டீட்கென் மாணவர் விடுதி. வட்டக் கட்டடம், படுக்கையறைகள் வெளியே பார்க்கும், பொதுச் சமையலறைகள் நடுமுற்றத்தைப் பார்க்கும்.

கேள்வி: கோபன்ஹேகனின் ஊரெஸ்டாட் பகுதியில் பழைய சுவர்களை வெட்டி ஒட்டிக் கட்டிய ‘ரிசோர்ஸ் ரோஸ்’ வீடுகளைப் புகழ்கிறார்கள். வெறும் ஒப்பனைதானே அது?

பதில்: கோபமாகவே மறுக்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரைத் தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சுத்தம் செய்து மறுபடி கட்டலாம். சிமெண்ட் சாந்து அப்படி விடாது; செங்கல்தான் முதலில் உடையும். ஆகவே அத்தகைய சுவர்களை நொறுக்கிச் சாலைக்கு அடியில் கொட்டுவதே வழக்கம். லெண்டகர் கட்டடக்கலைஞர்கள் சுவரையே சதுரம் சதுரமாக அறுத்தெடுத்தார்கள். கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் பழைய சுவர்களும் அதில் உண்டு. ஒரு சதுரத்தில் கருஞ்சிவப்பு, பக்கத்துச் சதுரத்தில் மஞ்சள். வரிசைகளின் திசைகூட மாறும்.

(அதே நபர்): சுமையைத் தாங்குவது கான்கிரீட்தானே?

பதில்: ஆமாம். இன்று அங்கே எழும் பெரிய குடியிருப்புகளில் செங்கல் பெரும்பாலும் மேல்தோல்தான். அந்தத் தோலுக்காகப் புதிதாகச் சூளை மூட்டுவதா, இருப்பதை எடுப்பதா என்பதே கேள்வி. 2023 முதல் டேனிஷ் கட்டட விதிகளே இந்தக் கணக்கைக் கேட்கின்றன: 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடம், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவைத் தாண்டக் கூடாது என்று தொடங்கி, 2025இல் வரம்பை மேலும் இறுக்கினார்கள்.

(இன்னொருவர்): அறுக்கும் கூலியும் மின்சாரமும் கணக்கில் வராதா?

பதில்: வரவேண்டும். கூலி அதிகம் என்பது நியாயமான குறை. ஒப்பனை என்பது நியாயமில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: சாப்பாட்டு அறைக்குக் கூரை நடுவில் ஒரு விளக்கு போதுமா?

பதில்: போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வரவேற்பறைக்கு எத்தனை வாட்?

பதில்: வாட்டை விடுங்கள். தாழ்வாக, இடத்துக்கு ஒன்றாக, மூன்று நான்கு விளக்குகள். மீண்டும் சொல்கிறேன்: கூரையை ஒட்டி மாட்டாதீர்கள்.

கேள்வி: அங்கே வீட்டுக்கடன் வட்டி எவ்வளவு?

பதில்: வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: டேனிஷ் வடிவமைப்பாளர் ஹன்ஸ் வெக்னரின் ஒய் நாற்காலி, சோப்புப் பூச்சிட்ட ஓக் மரம், வாங்கினேன். தண்ணீர்க் கறை விழுந்துவிட்டது. வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சோப்புப் பூச்சின் அருமையே வீட்டிலேயே புதுப்பிக்கலாம் என்பதுதான். வெந்நீரில் சோப்புச் சீவல்களைக் கரைத்து, பஞ்சால் தொட்டு மரம் முழுவதும் தடவுங்கள்; கறைமேல் மட்டும் தடவினால் திட்டாகத் தெரியும். மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பிச் சொரசொரப்பாக இருந்தால், நைஸான உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்து, மறுபடி ஒருமுறை பூசுங்கள். இருக்கையில் இருப்பது சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு. சோப்புநீர் அதன்மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.